வெண்கல வால்வும் பன்னிரண்டு அடிக் கடலும்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடத்தில் மீன்பிடிப் படகுகள் பத்தொன்பது. என் கைத்தப்பால் அவற்றில் ஒன்றுகூட மூழ்கியதில்லை. லோரிகளுக்கு மரப் பாடி கட்டியதற்கு எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மாடிப்படி. இன்றைக்கும் தீபாவளிக் கூட்டம் அதில்தான் ஏறி இறங்குகிறது, ஒரு பலகைகூட முனகுவதில்லை. டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர்த் தொட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்பதுகளின் கடைசியில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், பிளைவுட் பலகையால் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு கடல். உயிருள்ள பவளம், உயிருள்ள கடல் சாமந்தி, இறால், மீன் எல்லாம் அதற்குள் பதினோரு வருடம் வாழ்ந்தன.

இவ்வளவையும் கட்டியவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்களில் ஒருவர்கூட என்னிடம் "கட்டு" என்று சொன்னதில்லை. "கட்டாதே" என்று சொல்ல மட்டும் வரிசையில் வந்தார்கள்.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், கிள்ளானில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். மலர் போடுகிறார்களாம். செயலாளர் கண்ணன் என்ற தம்பி வீட்டுக்கு வந்தார். "அங்கிள், பழைய ஆளுங்க அனுபவம்னு ஒரு பகுதி இருக்கு. உங்க வேலையப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க லா" என்றார். நல்ல தம்பிதான். ஆனால் அவர்கள் சங்கத்தை எனக்குத் தெரியும். நாலடிக் கண்ணாடித் தொட்டியைக் கடையில் வாங்கி, அதை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று நாற்பது பேரிடம் போனில் கேட்கிற கூட்டம். ஒரு திருகாணி முடுக்கத் தெரியாது; தொட்டிக்கு முன்னால் நின்று போட்டோ பிடிக்க மட்டும் தெரியும்.

கண்ணன் மலரில் வரப்போகும் இன்னொரு கட்டுரையையும் காட்டினார். கிள்ளான் பள்ளத்தாக்கின் முதல் பெரிய பிளைவுட் பவளத்தொட்டியைப் பற்றியது. அதாவது என் தொட்டி. எழுதியவர் என்ஜினியர் குலசிங்கம், இப்போது பெர்த்தில் மகள் வீட்டில் இருக்கிறார். தொட்டியை வடிவமைத்தவர் என்று அவர் பெயரை அவரே போட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று பக்கத்தில் என் பெயர் எங்கும் இல்லை. ஒரே ஓர் இடத்தில் "ஒரு தச்சர்" என்று வருகிறது. எந்த இடத்தில் என்பதைப் பிறகு சொல்கிறேன். நடந்ததைச் சொல்லிவிட்டுச் சொன்னால்தான் அது உறைக்கும்.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். எனக்கும் அங்கேயே இடம் பார்க்கிறேன் என்றார். இரும்புச் சத்தம் எனக்கு ஒத்துவரவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் கிள்ளானுக்குப் போய்ப் படகுப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் வேலை என்று எதுவும் தரவில்லை. கரையேற்றிய படகின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு தெரித்திப் சுரண்ட வேண்டும். தெரித்திப் என்றால் படகின் அடியில் சிப்பி மாதிரி ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடல் உயிர். தண்ணீருக்குள் வாயைத் திறந்து, விசிறி மாதிரி ஒரு காலை நீட்டி நீட்டி இரை பிடிக்கும். காய்ந்துவிட்டால் கத்தி மாதிரி வெட்டும். இரண்டு வருடத்தில் என் கையில் வெட்டு இல்லாத இடமில்லை. அதன் பிறகுதான் உளியைத் தொடவிட்டார்கள். படிப்பு என்று எனக்கு உண்டென்றால் அவ்வளவுதான்.

பட்டறை முதலாளி கோ தவுக்கே, சீனர்; தவுக்கே என்றால் முதலாளி. பனியன், கோடு போட்ட பைஜாமா, தூண்டில் நரம்பால் காதில் கட்டிய மூக்குக் கண்ணாடி. நல்லது என்றும் சொல்லமாட்டார், கெட்டது என்றும் சொல்லமாட்டார். காலையில் வருவார். நாங்கள் முந்தின நாள் பூட்டிய பலகை இணைப்பு ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்திக்கொண்டே நடப்பார். நகம் எங்கே இறங்குகிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவார். போய்விடுவார். குறி போட்டால் பிரித்துத் திரும்பப் பூட்ட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

நான் ஒருமுறை கேட்டேன். நான் பூட்டிய இணைப்பில் மூன்று குறி. எனக்குக் கோபம். "தவுக்கே, இது இறுக்கமாத்தான் இருக்கு" என்றேன். அவர் கையிலிருந்த கோப்பியை அந்த இணைப்பின் மேலே மெதுவாக ஊற்றினார். என்னைப் படகுக்கு அடியில் உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். அவரும் பக்கத்தில் குந்தினார். "லூ தெங்கோ செண்டிரி" என்றார். மலாயில் நீயே பார் என்று அர்த்தம். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு கறுப்புச் சொட்டு என் முழங்காலில் விழுந்தது. அவர் காலிக் குவளையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அந்த மனிதரிடம் பதினான்கு வருடம் இருந்தேன். அவர் என்னிடம் பேசிய வார்த்தைகளை ஒரு தாளின் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

பிறகு நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, பட்டறை மூடியது. நான் தனியாகத் தச்சு வேலை எடுக்க ஆரம்பித்தேன். டாக்டர் நடராஜாவின் கிளினிக்குக்கு அப்படித்தான் போனேன், ஒரு மருந்து அலமாரி செய்ய. யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். நல்ல மனிதர், ஆனால் எதையும் தானாக முடிவு செய்யமாட்டார். காத்திருக்கும் அறையில் நோயாளிகள் பல்லுக்குப் பயந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவருக்கே பாவமாக இருக்குமாம். சிங்கப்பூரில் எங்கோ சுவர் நீளத்துக்குப் பவளத்தொட்டி பார்த்துவிட்டு வந்திருந்தார். கண்ணாடிக் கடைக்காரர்கள் அவ்வளவு பெரிது முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

நான் அலமாரிக் கதவை மாட்டிக்கொண்டே, "நான் கட்டித் தரேன் டாக்டர். பிளைவுட்ல" என்றேன்.

அன்றைக்கு அங்கே இருந்தவர்தான் குலசிங்கம், டாக்டரின் மனைவியின் அண்ணன். லண்டனில் என்ஜினியரிங் படித்தவர். லண்டன் என்ற சொல் இல்லாமல் அவரால் ஒரு வாக்கியம் முடிக்க முடியாது.

"பிளைவுட்டைத் தண்ணிக்குள்ள வைச்சா அப்பளம் மாதிரி ஊதிப்போகும். இவர் என்ன விசர்க் கதை கதைக்கிறார், மச்சான்?" என்று டாக்டரிடம் சொன்னார். என்னிடம் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நீர் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?" என்றார்.

"அஞ்சாம் வகுப்பு சார். ஆனா கிள்ளான்ல ஓடுற படகு ஒன்னும் ஸ்கூலுக்கே போகல, மிதக்குது."

டாக்டர் சிரித்துவிட்டார். குலசிங்கம் சிரிக்கவில்லை.

"படகு வேற, இது வேற காணும்."

"ஒன்னுதான் சார். படகு தண்ணிய வெளிய நிறுத்துது, தொட்டி உள்ள நிறுத்துது. பக்கம்தான் மாறுது."

டாக்டர் ஒப்புக்கொண்டார். ஆனால் மச்சான் மேற்பார்வை பார்ப்பார் என்றும் சொல்லிவிட்டார். மேற்பார்வை என்றால் என்ன? வெள்ளிக்கிழமைதோறும் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது. ஒரு தாளில் பெட்டி மாதிரி ஒரு படம் போட்டுக் கொடுத்தார். பன்னிரண்டு, நாலு, மூன்று என்று அளவு எழுதியிருந்தது. அந்த அளவைச் சொன்னதே நான். அந்தத் தாள்தான் இன்றைக்கு "வடிவமைப்பு".

எப்படிக் கட்டினேன் என்பதைச் சங்கத்துத் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். யாராவது ஒருவராவது கையால் ஏதாவது செய்து பார்க்கட்டும். முக்கால் அங்குல மரைன் பிளைவுட், இரண்டு அடுக்கு, ஒன்றின் இணைப்பு மற்றதன் இணைப்புக்கு நேரே வராதபடி. வெளியே செங்கால் என்ற கெட்டி மரத்தில் சட்டம், ஏனென்றால் தண்ணீர் பக்கவாட்டில்தான் தள்ளும். உள்மூலைகளை அப்படியே விடக்கூடாது. எபோக்ஸி என்ற பிசினில் மரத்தூளைப் போட்டு, உளுந்து மாவு பதத்துக்குக் குழைத்து, மூலையில் அப்பி, கரண்டியின் முதுகால் வழித்து வளைவாக்க வேண்டும். கூர்மையான மூலையில் ஃபைபர் துணி படியாது, அடியில் காற்று நின்றுவிடும், ஆறு மாதத்தில் அந்த இடம்தான் கிழியும். துணி மூன்று சுற்று, அதன் மேல் எபோக்ஸி நான்கு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் மணல்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். முன்கண்ணாடியை உட்புறத்திலிருந்து வைக்க வேண்டும். அப்போது தண்ணீரே அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும். சிலிக்கன் பசையை ஆத்திரத்தோடு அழுத்திப் பிழிந்துவிட்டால் போச்சு. கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவில் அது மெத்தை மாதிரி நிற்க வேண்டும். அதற்காகக் காய்ந்த சிலிக்கனையே சின்னத் துண்டுகளாக வெட்டி இடையில் வைத்து, பத்து நாள் காயவிட்டேன்.

அப்புறம் அடியில் ஒரு வால்வு. தண்ணீர் அதன் வழியாகத்தான் பம்புக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்ப வரும். குலசிங்கத்தின் படத்தில் அந்த இடத்தில் பிளாஸ்டிக் வால்வு போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு டன் தண்ணீருக்கு விளையாட்டுச் சாமானா? என்னிடம் கோ தவுக்கேயின் பட்டறை மூடியபோது எடுத்து வைத்த படகு வால்வு ஒன்று இருந்தது. வெண்கலம். முப்பது வருடம் கடலில் கிடந்தும் அரிக்காத பொருள். பச்சை பூத்திருந்தது. என் மனைவி பூசைக் குத்துவிளக்கு தேய்ப்பது மாதிரி, புளியைப் போட்டு அரை நாள் தேய்த்தேன். தங்கம் மாதிரி ஆனது. அதைப் பூட்டினேன். குலசிங்கம் வந்து பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார். "கப்பல்காரன் போடறது சார்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

தண்ணீர்ப் பரிசோதனை. இணைப்பு எல்லாவற்றின் மேலும் வெளிப்பக்கம் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்தேன். ஒரு சொட்டு கசிந்தாலும் அங்கே கறுக்கும். குழாய்த் தண்ணீரை நிரப்பி ஏழு நாள் விட்டேன். குலசிங்கம் வெள்ளிக்கிழமை வந்து, கதவுக்கு வெளியே நின்றே எட்டிப் பார்த்தார். உடைந்தால் ஓட வசதியாக. "உள்ள வாங்க சார், கால் நனையாது" என்றேன். ஏழாம் நாளும் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது. அதை நான் பார்த்த அளவுக்கு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

கடல் தண்ணீர் போர்ட் டிக்சனிலிருந்து லோரியில் டிரம் டிரம்மாக வந்தது. கிள்ளான் கடல் சேறு, அதற்கு ஆகாது. மீன்களை விட்டோம், நன்றாகச் சுற்றின. இரண்டு வாரம் கழித்து இறால், கடல் சாமந்தி, பவளம் வந்தன. நோயாளிகள் பல்வலியை மறந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

இறால்கள் மறுநாளே செத்தன. சாமந்தி சுருங்கி உருகியது. பவளம் சளி மாதிரி வழிந்து வெளுத்துப்போனது. மீன்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. புதிதாக வாங்கி விட்டோம். அவையும் அதே மாதிரி போயின.

குலசிங்கத்துக்குத் திருவிழா. சின்னச் சின்னக் குப்பிகளில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தார். உப்பு சரி, சூடு சரி, எல்லாம் சரி. "நான் அப்பவே சொன்னனான். பிளைவுட்டில இருக்கிற பசை விஷம். அது எபோக்ஸியை மீறி வருது. உடைச்சுப் போட்டுட்டுச் சுவருக்கு டைல் ஒட்டுவம்" என்றார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெங்கசாமி, கோவிக்காதேயும். வாற சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பம். இல்லாட்டி ஆளைக் கூப்பிட்டு உடைக்கத்தான் வேணும்."

ஆறு நாள். என் பத்தொன்பது படகுக்கும் வராத பயம் அப்போது வந்தது. தொட்டி உடைந்தால், கிள்ளான் முதல் செந்தூல் வரை, விஷப்பெட்டி கட்டினவன் என்று என் பெயர் ஓடும். அதற்குப் பிறகு அலமாரி செய்யக்கூட ஒருவனும் கூப்பிடமாட்டான்.

ஒரு நாற்காலி போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். தொட்டியின் உள்சுவரெல்லாம் மெல்லிய பச்சைப் பாசி பிடித்திருந்தது. வால்வைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி வட்டமாக வெள்ளை. அந்த வட்டத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். எங்கே? மல்லாந்து படுத்தபடி பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் படகின் அடியில் சுரண்டினேனே, பலகை, சுக்கான், கயிறு எல்லாவற்றிலும் தெரித்திப் ஒட்டியிருக்கும். வெண்கல வால்வைச் சுற்றி மட்டும் ஒட்டாது. அந்த இடத்துக்கு வரும்போது கைக்கு ஓய்வு என்று சந்தோஷப்படுவேன். ஏன் ஒட்டவில்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. செம்பு கலந்த சிவப்புச் சாயத்தைப் படகின் அடியில் பூசுவதே அதற்குத்தானே! என் கையாலேயே பூசியிருக்கிறேன். படகுக்கு நல்லது எதுவோ அதுவே இந்தத் தொட்டிக்கு எமன். பக்கம் மட்டும்தான் மாறுகிறது என்று குலசிங்கத்திடம் வாய் பேசினவன் நான்தான்.

எனக்குத் தோன்றினால் போதுமா? காட்ட வேண்டும். வால்வைக் கழற்றி ஓட்டையை அடைத்தேன். போர்ட் டிக்சனுக்கு பஸ் ஏறிப்போய், தெரித்திப் உயிரோடு ஒட்டியிருக்கும் மூன்று கற்களை எடுத்து வந்தேன். மூன்று வாளியில் புதுக் கடல் தண்ணீர், மூன்றிலும் காற்றுக் குழாய். ஒன்றில் கல் மட்டும். ஒன்றில் கல்லோடு, எபோக்ஸி பூசிய என் பிளைவுட் துண்டு. ஒன்றில் கல்லோடு வெண்கல வால்வு. மூன்றையும் காத்திருக்கும் அறையிலேயே வரிசையாக வைத்தேன். பல் பிடுங்க வந்த ஓர் ஆன்டி எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, டாக்டர் மீன் பாசார்ல கடை போட்டுட்டாரா? கிலோ எவ்வளவு?" என்றார். "வெள்ளிக்கிழமை வந்து கேளுங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை குலசிங்கம் வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். டாக்டரும் வந்தார். அந்த ஆன்டியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"லூ தெங்கோ செண்டிரி" என்றேன்.

முதல் வாளியில் தெரித்திப் விசிறிக்கொண்டிருந்தது. பிளைவுட் போட்ட வாளியிலும் விசிறிக்கொண்டிருந்தது. வால்வு போட்ட வாளியில் எல்லாம் வாயை மூடிவிட்டன. நாற்றம் எடுக்க ஆரம்பித்திருந்தது. குலசிங்கம் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். கடைசியில், "காப்பர் டாக்சிசிட்டி" என்றார்.

செம்பு நஞ்சு என்ற அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. லண்டனில் படித்த நாளிலிருந்தே தெரிந்திருந்தது. வால்வைக் கண்ணால் பார்த்துத் தலையாட்டிய நாளிலும் தெரிந்திருந்தது. அவரிடம் சொல் இருந்தது, வட்டத்தைப் பார்க்கிற கண் இல்லை.

நான் டாக்டரிடம் சொன்னேன்: "பிளைவுட் மேல தப்பு இல்ல டாக்டர். எபோக்ஸி மேலயும் இல்ல. வால்வ் நான் போட்டது. சார் பிளாஸ்டிக்தான் போடச் சொன்னாரு, நான்தான் கேக்கல. தப்பு என்னோடது."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "நாப்பது வருஷத்தில தன்ர தப்பு எண்டு சொன்ன காண்ட்ராக்டரை இண்டைக்குத்தான் பார்க்கிறன்" என்றார். ஆன்டி கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "அப்ப தொட்டி உடைக்க வேணாம்ல?" என்று கேட்டார். உடைக்கவில்லை.

பிளாஸ்டிக் வால்வைப் பூட்டினேன். பூட்டும்போது கை கூசியது, உண்மைதான். செம்பு ஏறிய மணலையும் கல்லையும் தூக்கி எறிந்து, தண்ணீரை மூன்றுமுறை மாற்றினேன். அடுத்து விட்ட சாமந்தி விரிந்தது. அதன் பிறகு பதினோரு வருடம். அந்தக் கடை வரிசையையே இடித்தபோதுதான் அந்தத் தொட்டி போனது. நான் போய் நின்று பார்த்தேன். சம்மட்டியால் அடித்தார்கள், முடியவில்லை. ரம்பம் வைத்து அறுத்தார்கள். அறுத்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். நடுவில் மரம் பிஸ்கெட் மாதிரி காய்ந்திருந்தது. அப்பளம் மாதிரி ஊதவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

இப்போது அந்த "ஒரு தச்சர்" எங்கே வருகிறார் என்று சொல்கிறேன். குலசிங்கத்தின் கட்டுரையில் இரண்டாம் பக்கம், கடைசிப் பத்தி: ஒரு தச்சரின் கவனக்குறைவால் தொட்டியில் செம்பு நஞ்சு கலந்தது, அதைத் தாம் ஆராய்ந்து கண்டுபிடித்து நீக்கினாராம். கட்டியது அவர், கண்டுபிடித்தது அவர். தப்புக்கு மட்டும் ஓர் ஆள் தேவைப்பட்டது. அங்கே நான் வருகிறேன், அதுவும் பெயரில்லாமல்.

தம்பி கண்ணன், நான் கேட்பது இதுதான். அந்தத் தப்பை வெட்டிவிடாதீர்கள். அது நான் செய்தது. ஆனால் தப்பை எனக்குத் தந்தால் மிச்சத்தையும் தர வேண்டும். அவர் கட்டுரையைப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்குக் கீழே, அதே எழுத்தளவில், இதையும் போடுங்கள்: தொட்டியைக் கட்டியவர், வால்வைப் பூட்டியவர், வால்வைக் கண்டுபிடித்துக் கழற்றியவர், மூன்றும் ஒரே ஆள். ரெங்கசாமி த/பெ முனியாண்டி, செந்தூல்.